அரைவலம்

திருவண்ணாமலையில் ஒருவன் மொட்டைத் தலையோடும் வெறுங்காலோடும் போனால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மொட்டை என்றால் வேண்டுதல், வெறுங்கால் என்றால் பக்தி என்று பார்க்கிறவர் கண்ணே கணக்கை முடித்துக்கொள்ளும். அந்தப் பையனை நானும் ரொம்ப நாள் கவனிக்காமல் விட்டது அதனால்தான். செங்கம் சாலையில் ரமணாசிரமத்தைத் தாண்டி, பஸ் போகிற ரோட்டை விட்டுக் கிரிவலப் பாதை வலப்பக்கம் பிரிகிற இடத்தில், விடியற்காலை ஐந்தேகாலுக்கு என்னைக் கடந்து ஓடுவான். அரை மணி நேரம் ஆவதற்குள் எதிரே வருவான். எதிரே வருகிறான் என்பதுதான் முதலில் உறுத்தியது. மலையை வலமாகச் சுற்றுகிற பாதையில் அந்நேரத்துக்கு எதிரே வருகிறவர்கள் பால்காரர்கள் மட்டும்தான்.

அந்தப் பாதையில் ஓடுகிறவர்களுக்குக் குறைவில்லை. பெரும்பாலும் போலீஸ் செலக்‌ஷனுக்குத் தயாராகிறவர்கள். ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும், பெண்கள் 400 மீட்டரை இரண்டரை நிமிடத்துக்குள். அவர்கள் கூட்டமாக வருவார்கள், ஒருவன் செல்போனில் நேரம் பார்ப்பான், மற்றவர்கள் அவனைத் திட்டுவார்கள். இவன் தனியாக ஓடினான். ஓட்டமும் வேறு மாதிரி இருந்தது. குதிகால் தரையைத் தொட்டதா இல்லையா என்று சந்தேகம் வருகிற ஓட்டம். ஒரு காலத்தில் ஓடியவனுக்கு அது கண்ணில் படாமல் போகாது.

மார்கழி நடுவில் ஒருநாள் டீக்கடையில் பக்கத்தில் வந்து நின்றான். தலையில் அரை அங்குலம் முடி துளிர்த்திருந்தது. பேச்சுக் கொடுத்தேன்.

“முழுசா சுத்த மாட்டியாப்பா? அடி அண்ணாமலையோட திரும்பிடறயே.”

“கூடாதுன்னு அம்மா சொல்லுது சார். அப்பா தவறி வருசம் திரும்பல.”

“நீ ஓடத்தான செய்யற, சுத்துறது இல்லயே?”

“அதான் சார் எனக்கும் டவுட்டு. எதுக்கு வம்புன்னு பாதியில திரும்பிடறேன். கிலோமீட்டர் அதேதான வருது.”

கணக்கு சரி. கிரிவலம் 14 கிலோமீட்டர். ஏழு போய் ஏழு வந்தாலும் 14தான். சாவு விழுந்த வீட்டுக்காரர்கள் வருஷம் திரும்பும் வரை மலைக் கோயிலுக்குப் போகக் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் இன்றும் பல வீடுகளில் இருக்கிற வழக்கம். மற்ற ஊர்க்காரர்களுக்கு அது சுலபம். மலைக்குப் போகாமல் இருந்துவிடுவார்கள். மலையே ஊராக இருப்பவர்கள் என்ன செய்வது? அம்மாவுக்கும் கோச்சுக்கும் நடுவில் இந்தப் பையன் கண்டுபிடித்த வழி அரைவலம்.

கல்லூரியில் இரண்டாம் வருஷம். 1500 மீட்டரும் 5000 மீட்டரும் ஓடுகிறான். அப்பா நெல் மண்டியில் மூட்டை தூக்கியவர். ஐப்பசி கடைசியில் நெஞ்சுவலி. தை மாதம் மீட் இருக்கிறது. இவ்வளவையும் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் சொன்னான், அதுவும் நான் கேட்டதால். கேட்டது தப்பு என்று பிறகு தோன்றியது. எனக்கே தெரிந்திருக்க வேண்டிய விஷயம் அது.

ஏனென்றால் நானும் இதே ஊரில், கல்லூரி இரண்டாம் வருஷத்தில், மொட்டைத் தலையோடு 1500 ஓடியவன்.

அப்பா போனது கார்த்திகை பிறப்பதற்கு நாலு நாள் முன்பு. பதினாறாம் நாள் காரியம் முடிந்த அடுத்த வாரம் தீபம். 2,668 அடி உயரத்தில் உச்சியில் கொப்பரையில் சுடர் எழும்பியதும் கீழே ஊர் முழுக்க வாசலில் விளக்கு வைப்பார்கள். அதுவரை அணைத்து வைத்திருந்த மின்விளக்குகளும் ஒரே நேரத்தில் எரியும். அந்த வருஷம் எங்கள் தெருவில் இருட்டாக இருந்தது எங்கள் வீடு மட்டும்தான். அம்மா கதவைத் தாழ்போட்டுவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தாள். நான் கொல்லைப்புறம் போய் நின்று மலையைப் பார்த்தேன். தீட்டு வீட்டுக்காரன் உச்சியில் எரிவதைப் பார்க்கலாமா கூடாதா என்று யாரும் சொல்லித்தந்திருக்கவில்லை. பதினோரு நாள் அது எரிந்தது. பதினோரு நாளும் பார்த்தேன்.

வீட்டில் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். தமிழில் துக்கத்தைக் ‘கேட்கிறோம்’. வேறு எந்த மொழியில் இப்படி இருக்கிறதோ தெரியாது. துக்கம் கேட்க வருகிறவர் வாசலிலேயே முகத்தை மாற்றிக்கொண்டு நுழைவார், பாயில் உட்காருவார், தண்ணீர் குடிப்பார், பிறகு கேட்பார்: எப்படி ஆச்சு? அம்மா ஆரம்பத்திலிருந்து சொல்வாள். காலையில் நல்லாத்தான் இருந்தாரு என்று தொடங்கும். அதே சொற்கள், அதே இடத்தில் அழுகை. ஒரு மாதத்தில் அப்பா முப்பது நாற்பது தடவை எங்கள் கூடத்தில் செத்தார். வழக்கத்தைக் குறை சொல்லவில்லை. அம்மாவுக்கு அது தேவைப்பட்டது என்று இப்போது நினைக்கிறேன். திரும்பத் திரும்பச் சொல்லித்தான் அவள் அதை நம்பினாள். எனக்கு ஓடிவிட வேண்டும்போல் இருந்தது. ஓடினேன். கிரவுண்டில் எவனும் எதையும் கேட்கவில்லை. அங்கே கேள்வி ஒன்றுதான்: எத்தனை ரவுண்டு?

மீட்டுக்கு முன்னால் கல்லூரியில் ஒரு பாரம் தந்தார்கள். ‘தந்தை கையொப்பம்’ என்று ஒரு கட்டம். அம்மாவிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்த குமாஸ்தா, அப்பா கையெழுத்து வேணும்பா என்று திருப்பி நீட்டினார். என் தலையைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார். மொட்டையைப் பார்த்து, திருப்பதியா என்றுகூடக் கேட்டார். நான் ஆமாம் என்று சொல்லிவிட்டு, வெளியே வந்து, படிக்கட்டில் உட்கார்ந்து, அப்பாவின் கையெழுத்தை நானே போட்டேன். அவருடைய ‘க’வின் வால் கொஞ்சம் நீளமாக இறங்கும். அது சரியாக வந்தது. அன்றைக்குத்தான் முதல்முதலாக அழுதேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். அழவில்லை. பாரத்தைக் கொடுக்க ஐந்து மணியோடு கெடு முடிகிறது, ஓடிப்போய்க் கொடுத்தேன்.

நான்காவதாக வந்தேன். மூன்றாம் ரவுண்டில் தொண்டையில் ஏதோ வந்து அடைத்தது. ஓடியவர்களுக்குத் தெரியும், 1500-இல் மூன்றாம் ரவுண்டுதான் ஆளைக் கொல்வது. முதல் ரவுண்டு ஆர்வத்தில் போய்விடும், இரண்டாவது பழக்கத்தில், கடைசி முந்நூறு வெறியில். மூன்றாவதில் ஒன்றும் கிடையாது, மூச்சு மட்டும்தான். அந்த மூச்சு ஒரே சீராக, இரண்டு அடிக்கு இழுத்து இரண்டு அடிக்கு விட்டு, போய்க்கொண்டிருக்க வேண்டும். அழுகை வந்தால் மூச்சு குலையும். குலைந்தால் கால் குலையும். அழுதுகொண்டே ஓட உடம்பு இடம் தராது. இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும். நான் விழுங்கிவிட்டு ஓடினேன், அதற்குள் மூன்று பேர் முன்னால் போய்விட்டார்கள்.

அடுத்த நாள் வகுப்பில் ஆசிரியர் ஒருவர் என்னை எழுப்பி நிறுத்தி, அப்பா போன சோகத்தையே உரமாக்கி ஓடியிருக்கிறான் பாருங்கள் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. சோகம் உரமாக இருக்கவில்லை, தொண்டையில் அடைத்த கட்டியாக இருந்தது, அதனால்தான் நான்காவதாக வந்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அந்த ‘உரமாக்கி’யை அன்றிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு முறை ஏழை வீட்டுப் பிள்ளை ஒன்று ஓடி ஜெயிக்கும்போதும் பத்திரிகையில் அது வந்துவிடும்.

2021-இல் ரேவதி வீரமணிக்கும் வந்தது. டோக்கியோ ஒலிம்பிக்கில் 4x400 கலப்புத் தொடர் ஓட்டத்தில் இரண்டாவது ஆளாக ஓடிய மதுரைப் பெண். சக்கிமங்கலத்துக்காரர். அப்பா வயிற்று நோயில் இறந்தார்; ஆறு மாதத்தில் அம்மா மூளைக் காய்ச்சலில் இறந்தார். ரேவதிக்கு அப்போது ஆறு வயதுகூட நிறையவில்லை, தங்கை இன்னும் சின்னவள். அம்மாவைப் பெற்ற பாட்டி ஆரம்மாள் இரண்டு பேரையும் எடுத்துக்கொண்டார். காட்டு வேலைக்கும் செங்கல் சூளைக்கும் போனார். பிள்ளைகளையும் வேலைக்கு அனுப்பு என்று சொந்தக்காரர்கள் சொன்னபோது மாட்டேன், படிக்கட்டும் என்று நின்றார்.

இந்தக் கதையை நாம் எப்படிப் படித்தோம்? தாய் தகப்பன் இல்லாத பெண், வெறுங்காலில் ஓடினாள், ஒலிம்பிக் போனாள். இடையில் ஒன்றுமே நடக்காத மாதிரி. நடந்தது இதுதான்: பள்ளிக்கூடத்துப் பெண்ணாக ஒரு போட்டியில் வெறுங்காலோடு ஓடிக்கொண்டிருந்தவரை, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் பயிற்சியாளர் கண்ணன் பார்த்தார். பயிற்சிக்கு அனுப்புங்கள் என்று பாட்டியிடம் கேட்டார். பாட்டி தயங்கினார். தயக்கத்துக்குக் காரணம் தேட வேண்டியதில்லை; கூலி வேலை செய்கிற வீட்டில் நகரத்துக்குத் தினமும் பஸ்ஸில் போய்வருவது என்பதே ஒரு செலவு, வயசுப் பெண்ணை மைதானத்துக்கு அனுப்புவது இன்னொரு பயம். கண்ணன் விடவில்லை. பெண் கேட்டுப் போகிறவர் மாதிரி பேசிப் பேசிப் பாட்டியைச் சம்மதிக்க வைத்தார். மதுரை லேடி டோக் கல்லூரியில் இடமும் விடுதியில் தங்க வசதியும் கிடைக்க உதவினார். கல்லூரிப் போட்டிகளில் ரேவதி வெறுங்காலோடுதான் ஓடினார். 2016-இல் தேசிய முகாமுக்குப் போனபோதும் அப்படித்தான். காலணியும் நல்ல சாப்பாடும் அதற்குப் பிறகு கண்ணன் ஏற்பாடு செய்தவை. 100, 200 மீட்டர் ஓடிக்கொண்டிருந்தவரை 400-க்கு மாற்றியது பாட்டியாலா முகாமில் இருந்த பயிற்சியாளர் கலினா புகாரினா. 2021 ஜூலையில் பாட்டியாலாவில் நடந்த தகுதி ஓட்டத்தில் 53.55 நொடி. அதே மாதம் 30-ஆம் தேதி டோக்கியோ.

இந்த வரிசையில் எங்கே இருக்கிறது சோகம்? இருந்திருக்கும். ஆறு வயதில் போன அம்மாவின் முகம் நினைவில் நிற்குமா நிற்காதா என்பதே பெரிய சோகம். ஆனால் அது ரேவதியின் சொந்த விஷயம். அவரைத் தடத்தில் கொண்டுவந்து நிறுத்தியவை வேறு: ஒரு கிழவியின் பிடிவாதம், ஓர் அரசு ஊழியர் தன் வேலைக்கு மேலே செய்த வேலை, ஒரு பெண்கள் கல்லூரியின் விடுதி அறை, ஒரு ஜோடி ஷூ. பெற்றோர் இறந்தால் ஒரு மாணவிக்கு என்ன போகிறது என்று கேட்டால், கவிஞர்கள் என்னவோ சொல்வார்கள். நான் சொல்வேன்: பஸ் காசு போகிறது. காலையில் நாலரைக்கு எழுப்பி விடுகிற ஆள் போகிறார். பாரத்தில் கையெழுத்துப் போடுகிற கை போகிறது. அந்த இடங்களில் வேறு ஆட்கள் வந்து நின்றால் பிள்ளை ஓடும். நிற்காவிட்டால், எவ்வளவு சோகம் கையிருப்பில் இருந்தாலும், ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போகும்.

சினிமா இதை ஒப்புக்கொள்ளாது. மில்கா சிங்கின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1947 பிரிவினைக் கலவரத்தில் பெற்றோரை வெட்டிக் கொன்றதைக் கண்ணால் பார்த்த சிறுவன். டெல்லிக்கு ஓடிவந்து, பல முறை மறுக்கப்பட்டு ராணுவத்தில் சேர்ந்து, அங்கே ஓட்டக்காரனாகி, 1960 ரோம் ஒலிம்பிக்கில் 400 மீட்டரில் நான்காவதாக வந்தார். மூன்றாமவருக்கும் அவருக்கும் இடையே நொடியில் பத்தில் ஒரு பங்கு. (நானும் நான்காவதுதான், ஒற்றுமை அத்தோடு முடிந்தது.) 2013-இல் வந்த இந்திப் படம், ரோமில் அவர் ஓடும்போது திரும்பிப் பார்ப்பதில்தான் தொடங்குகிறது. தந்தையின் கடைசிக் கூக்குரல் காதில் விழுந்து திரும்பினார் என்று படம் நம்மை நம்பவைக்கும். மில்கா தன் வாயால் பல முறை சொன்னது அதைவிடச் சாதாரணமான, அதைவிட வலிக்கிற காரணம்: முதல் பாதியை அதிக வேகத்தில் ஓடிவிட்டார், தாங்காது என்று நினைத்து வேகத்தைக் குறைத்தார், கணக்குத் தப்பிவிட்டது. ஓட்டக்காரனின் தவறு. அவருடைய மிகத் தேர்ந்த தொழிலில் அவர் செய்த ஒரு பிசகைக்கூடப் பிடுங்கிச் சோகத்தின் கணக்கில் எழுதிவிட்டோம். ராணுவத்தில் அவரை முதலில் ஓடவைத்தது எது தெரியுமா? ஓட்டத்தில் முதல் பத்துக்குள் வந்தால் தினம் ஒரு தம்ளர் பால் கூடுதலாகக் கிடைக்கும் என்ற அறிவிப்பு.

அதே ரோமில் எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா வெறுங்காலோடு மாரத்தான் ஓடித் தங்கம் வாங்கினார். அதைப் பெரிய தத்துவமாகப் பேசுகிறவர்கள் உண்டு. காலுக்குப் பொருத்தமான ஷூ கிடைக்கவில்லை, பழகியதும் வெறுங்கால்தான், அதனால் அப்படி ஓடினார். நாலு வருஷம் கழித்து டோக்கியோவில் ஷூ போட்டுக்கொண்டு ஓடி மறுபடியும் தங்கம் வாங்கினார். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

சோகக் கதைக்கு இன்னொரு ஆபத்து இருக்கிறது. அதைச் சொல்லத் தயங்கினாலும் சொல்லியாக வேண்டும். 2019 ஏப்ரலில் தோஹாவில் ஆசியத் தடகளத்தில் 800 மீட்டரை 2 நிமிடம் 2.70 நொடியில் ஓடித் திருச்சிப் பக்கத்து முடிகண்டம் கோமதி மாரிமுத்து தங்கம் வாங்கியபோது தமிழ்நாடே கொண்டாடியது. 2016-இல் புற்றுநோயில் இறந்துபோன அப்பாவைப் பற்றி அவர் அழுதுகொண்டே பேசியது எல்லாச் சேனலிலும் ஓடியது. மாட்டுக்கு வைத்திருந்ததைத் தான் தின்றுவிட்டு மகளுக்குச் சோறு விட்டுவைத்த அப்பா. பிறகு ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினார், நான்கு ஆண்டுத் தடை, தங்கம் ரத்து. அந்த வாரத்தோடு அப்பாவின் கதையும் காணாமல் போனது. தடைக்கு வேண்டிய நியாயம் அதற்கு இருக்கிறது; அதில் எனக்கு வாதம் இல்லை. ஆனால் அந்த மனிதர் தின்ற தவிடு மகளின் பதக்கத்தோடு சேர்ந்து ரத்தாகிவிடுமா? மகள் ஜெயித்தாலும் தோற்றாலும், தப்பே செய்திருந்தாலும், அவர் பட்டினி கிடந்தது கிடந்ததுதானே? பதக்கம் வந்தால்தான் துக்கத்துக்கு மதிப்பு என்று நாம் பழகிவிட்டதன் அசிங்கம் அந்த வாரம் வெளியே தெரிந்தது.

அப்பாவை இழந்து, ஓடிவந்த பையன் ஒருவனின் கதை எங்கள் ஊருக்கே உண்டு. அதை யாரும் அப்படிப் பார்ப்பதில்லை, சாமி ஆகிவிட்டதால்.

வேங்கடராமன் என்ற பையன். 1892 பிப்ரவரியில் அப்பா சுந்தரமையர் இறந்தபோது அவனுக்குப் பன்னிரண்டு வயது. குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. அம்மா அழகம்மாள் சின்னப் பிள்ளைகளோடு மானாமதுரை போனாள். அண்ணன் நாகசாமியும் வேங்கடராமனும் மதுரையில் சித்தப்பா வீட்டில். ரமணர் ஆன பிறகு எடுத்த படங்களில் கோவணத்தோடு சாய்ந்து உட்கார்ந்திருக்கும் உருவத்தை மட்டும் பார்த்தவர்களுக்கு நம்புவது கஷ்டம்: அந்தப் பையன் படிப்பில் சுமார், விளையாட்டில் சூரன். குஸ்தி, கால்பந்து, நீச்சல். ராத்திரியில் வீட்டுக்குத் தெரியாமல் வைகைக்குப் போய் விளையாடிவிட்டு வருவான். முரட்டு உடம்பு. 1896 ஜூலையில், பதினாறு வயதில், மாடியில் தனியாக இருந்தபோது திடீரென்று சாவு பயம் வந்து, செத்தவனைப் போல விறைத்துப் படுத்துப் பார்த்தான். அதை ஞானம் என்கிறார்கள். இருக்கட்டும். எனக்கு அந்த இடத்தில் நாலு வருஷத்துக்கு முன் அப்பாவின் பிணத்தைப் பார்த்த பிள்ளையும் தெரிகிறான். அவனையும் யாரோ கூடத்தில் உட்கார வைத்து முப்பது நாற்பது தடவை துக்கம் கேட்டிருப்பார்கள். அவன் மட்டும் அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு போய்த் தனக்குள் கேட்டுக்கொண்டான்: செத்தது யார்?

அடுத்த மாதம் அண்ணன் காலேஜ் சம்பளம் கட்டச் சொல்லிப் பெட்டியிலிருந்து ஐந்து ரூபாய் எடுத்துக்கொள்ளச் சொன்னார். பையன் மூன்று ரூபாயை எடுத்துக்கொண்டு, மீதி இரண்டு ரூபாயையும் ஒரு கடிதத்தையும் வைத்துவிட்டு ரயிலேறினான். உன் சம்பளம் இன்னும் கட்டவில்லை என்பதை அந்தக் கடிதத்தில் மறக்காமல் எழுதியிருந்தான். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் அதுதான். உலகத்தை விட்டுப் போகிறவன், அண்ணனுடைய கல்லூரிக் கட்டணம் பாக்கி இருப்பதைச் சொல்லிவிட்டுப் போகிறான். மதுரையில் திண்டிவனத்துக்கு டிக்கெட் வாங்கினான், பிறகு மாம்பழப்பட்டிலிருந்து அரகண்டநல்லூருக்குக் காசில்லாமல் நடந்தான், கீழூரில் காதுக் கடுக்கனை நாலு ரூபாய்க்கு அடகு வைத்தான், செப்டம்பர் 1-ஆம் தேதி இங்கே வந்து சேர்ந்தான். அதற்குப் பிறகு வேறு எங்கும் போகவில்லை. பல வருஷம் கழித்து அம்மாவும் இங்கேயே வந்து சேர்ந்தாள். 1922 மே மாதம் இறந்தாள். மலையின் தென்புறத்தில் அவளை அடக்கம் செய்த இடத்துக்கு மகன் மலையிலிருந்து தினம் இறங்கி வந்து போய்க்கொண்டிருந்தார். அந்த ஆண்டின் கடைசியில் ஒருநாள் திரும்பிப் போகாமல் அங்கேயே தங்கிவிட்டார். இன்று உலகமெல்லாம் தேடி வருகிற ரமணாசிரமம் அடிப்படையில் ஒரு பிள்ளை தன் அம்மாவின் சமாதிக்குப் பக்கத்தில் கட்டிக்கொண்ட வீடு.

கிரிவலத்துக்கு இங்கே சொல்லித்தருகிற நடை ஒன்று உண்டு. நிறைமாதக் கர்ப்பிணியைப் போல அடிமேல் அடி வைத்து நடக்க வேண்டும். ஓடக் கூடாது. அந்தக் கணக்கில் விடியற்காலையில் ஓடுகிற இந்தப் பையன் செய்வது எல்லாமே தப்பு. வேகமும் தப்பு, பாதியில் திரும்புவதும் தப்பு, இடமாக வருவதும் தப்பு. அதை அவனிடம் சொன்ன பெரியவர்களும் இருக்கிறார்களாம். அவனுடைய அம்மாவுக்குச் சொந்தக்காரர்கள் சொல்வது வேறு: காலேஜை நிறுத்திவிட்டு அப்பா வேலை பார்த்த மண்டியிலேயே சேர்த்துவிடு. ஆரம்மாளுக்குச் சொன்ன அதே யோசனை, ஊர் மட்டும் வேறு. இவன் அம்மா இதுவரை பதில் சொல்லவில்லை.

“நீ என்னப்பா நெனைக்கிற?”

“பல்கலைக்கழக டீமுக்கு செலக்ட் ஆகி, இன்டர் யுனிவர்சிட்டியில பிளேஸ் வந்தா பாரம் மூணு தருவாங்க சார். அது இருந்தா ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல வேலைக்கு எழுதலாம்.”

அப்பாவுக்காக ஓடுகிறேன் என்று அவன் சொல்லவில்லை. பாரம் 3 என்பது பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளில் சாதித்தவர்களுக்குத் தருகிற சான்றிதழ். அரசு வேலையில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு அது சாவி. அப்பாவின் சாவும் அம்மாவின் தயக்கமும் அவன் கால் வேகமும் சேர்ந்து நிற்கிற இடம் அந்த ஒற்றைத் தாள். இதைவிடத் தெளிவாக இருபது வயதில் நான் யோசித்ததில்லை. எனக்கு ஓட்டம் வீட்டைவிட்டுத் தப்புவதாக இருந்தது, அதனால் பட்டம் வாங்கியதும் நின்றுவிட்டது. இவனுக்கு அது வீட்டுக்குள் போகிற வழியாக இருக்கிறது.

ரேவதிக்கும் அப்படித்தான் ஆயிற்று. டோக்கியோவில் முகமது அனஸ், ரேவதி, சுபா வெங்கடேசன், ஆரோக்கிய ராஜீவ் நால்வரும் 3 நிமிடம் 19.93 நொடியில் ஓடி, தங்கள் சுற்றில் கடைசியாக வந்தார்கள். பதக்கம் இல்லை. ஆனால் ஓட்டத்தால் கிடைத்த ரயில்வே வேலை இருந்தது. மதுரைக் கோட்டத்தில் டிக்கெட் பரிசோதகர். தங்கை சென்னையில் காவல் துறையில். ஆரம்மாள் செங்கல் சுமந்த கணக்கு அங்கே நேராயிற்று. அதற்கு நூற்றிருபத்தைந்து வருஷத்துக்கு முன் அண்ணனின் காலேஜ் சம்பளத்தில் டிக்கெட் வாங்கி ஒரு பையன் புறப்பட்டுப் போன அதே மதுரை.

போன வாரம் அரைவலப் பையனிடம் ஏன் வெறுங்காலோடு ஓடுகிறாய் என்று கேட்டேன். வேண்டுதலோ என்று எனக்குள் இருந்த ஊர்க்காரன் நினைத்தான். ஷூ அடியில் பிளந்துவிட்டது என்றான். வாங்க வேண்டும் என்று அப்பா சொல்லியிருந்தாராம், தீபாவளி போனஸ் வந்ததும். கிரிவலப் பாதையில் வெறுங்காலோடு போகிறவனை யாரும் ஏழை என்று நினைப்பதில்லை என்பதால் அவனுக்கு இது வசதியாகவும் இருக்கிறது. ஆனால் மீட் நடப்பது சிந்தெடிக் தடத்தில். அதில் ஸ்பைக்ஸ் இல்லாமல் ஓடினால், இருக்கிறவர்களைவிட அவன் எவ்வளவு பின்தங்குவான் என்பது எனக்குத் தெரியும்.

பாரத்தில் கையெழுத்துச் சிக்கல் இந்தக் காலத்தில் இல்லை. ‘பெற்றோர் அல்லது பாதுகாவலர்’ என்று அச்சடித்திருக்கிறார்கள்; அம்மா போட்டுவிட்டாள். பஸ் செலவைக் கல்லூரி தருகிறது. ஷூவுக்கு நான் பாதி போடுகிறேன். பழைய ஓட்டக்காரர்கள் யாரிடமாவது நடுத்தொலைவு ஸ்பைக்ஸ் சும்மா கிடந்தால், தை முதல் வாரத்துக்குள் இந்தப் பத்திரிகை முகவரிக்கு அனுப்புங்கள். கால் அளவு 8.